பிளிமத்தில் ஒரு வான்கோழி விருந்து

அமெரிக்காவின் பொஸ்ரன் மாநகரிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய நாற்பது மைல் சென்றால் பிளிமத் என்னும் கடற்கரைப் பட்டினத்தை அடையலாம். நான் அங்கு போய்ச் சேர்ந்தது நவம்பர் மாதத்தின் கடைக்கூற்றில். மேப்பிள் மரங்கள் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுமையாய் நின்றன. ஊர் எல்லையில் எங்கள் மோட்டார் வண்டி திடீரென நின்றது. முன்னே ஏழெட்டு வான்கோழிகள், தேருக்குப் பின்னே செல்லும் ஊர்ப் பெரியவர்களைப் போல, அவசரம் சிறிதுமின்றி வீதியைக் கடந்துகொண்டிருந்தன.

வண்டியைச் செலுத்திய என் அக்காவின் மகள் ஒலியெழுப்பவில்லை. "இவற்றுக்கு எங்களைவிட இங்கே உரிமை அதிகம், சின்னம்மா" என்று சிரித்தாள்.

உண்மைதான். ஆனால் அந்த உரிமையும் ஒருமுறை பறிபோய் மீண்டதாகும். காடழிப்பாலும் வேட்டையாலும் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் காட்டு வான்கோழி அற்றே போயிற்று. 1972, 1973 ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் மாநிலத்திலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து மேற்குக் காடுகளில் விட்டார்கள். அவற்றின் வழிவந்த கூட்டங்களே இன்று நகர வீதிகளிலும் உலாவுகின்றன.

விருந்துக்கு வரும் வளர்ப்பு வான்கோழியின் கதை வேறு. அதன் முன்னோர் மெக்சிக்கோவில் பழக்கப்பட்டவை. 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். பின்னர் அவற்றின் வழிவந்தவை ஆங்கிலேயக் குடியேறிகளோடு அமெரிக்காவுக்கே திரும்பி வந்தன. ஆங்கிலேயர் இப்பறவையைத் துருக்கியின் பெயரால் அழைத்தனர். துருக்கியரோ இந்தியாவின் பெயரால் அழைக்கின்றனர். ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டைக் கோழி என்னும் பொருளில் 'கல்கூன்' என்றனர். நம் நாட்டுச் சிங்கள மக்கள் 'களுகும்' என்று வழங்குவது அச்சொல்லின் வழி வந்ததே. எல்லோரும் பிறர் ஊரைச் சுட்டிய இப்பறவைக்கு நம் தமிழ் வானத்தையே ஊராக்கிவிட்டது!

நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை அமெரிக்கருக்கு நன்றியறிதல் திருநாள். 1620 ஆம் ஆண்டில் 'மேபிளவர்' என்னும் கப்பல் 102 பயணிகளுடன் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து வந்தது. முதற் குளிர்காலத்திலேயே அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியோர் 1621 ஆம் ஆண்டில் முதல் அறுவடை கண்டபோது மூன்று நாள் விருந்தயர்ந்தனர். அம்மண்ணின் குடிகளாகிய வம்பனோக் மக்களின் தலைவர் மசசோயிற் தொண்ணூறு பேருடன் வந்தார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தனர். அவ்விருந்தைப் பற்றி எட்வேர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் பறவைகள் சுடப்பட்ட செய்தி உண்டு. வான்கோழியின் பெயர் இல்லை. எனினும் அந்தப் பருவத்தில் காட்டு வான்கோழிகள் மிகுதியாய்க் கிடைத்தன என்று வில்லியம் பிராட்போர்ட் குறித்துள்ளார். சாரா ஜோசெபா ஹேல் என்னும் பத்திரிகை ஆசிரியை பல ஆண்டுகள் விடாது வேண்டியதன் பயனாக, 1863 ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் இதனை நாடு முழுவதற்கும் உரிய திருநாளாக அறிவித்தார்.

இத்தகைய நாளில் வான்கோழி உலர்ந்துபோனால் இல்லத்தரசிக்கு எவ்வளவு மனத்தாங்கல் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. சென்ற ஆண்டு என் பெறாமகளுக்கு அதுதான் நேர்ந்தது. அடுத்த வீட்டில் தனித்து வாழும் மூதாட்டியார் ஒருவரை அன்று அவள் அழைத்திருந்தாள். கணவரை இழந்தவர், பிள்ளைகள் தொலைதூர மாநிலங்களில் இருக்கிறார்கள். வைக்கோல் போலிருந்த இறைச்சியைக் கிரேவியில் மூழ்கடித்து, ஒரு சொல்லும் சொல்லாமல் அவர் உண்டு முடித்தாராம். அந்த மௌனமே இவளுக்கு முள்ளாயிற்று. இவ்வாண்டு அழைக்கவும் கூசினாள். அழைக்காவிட்டால் அவர் தனியே உண்பார் என்பதையும் அவளால் தாங்க முடியவில்லை. ஈற்றில் போய் அழைத்தபோது அவர் சொன்னாராம்: "ஐம்பது ஆண்டுகள் நான் சமைத்தேன். இப்பொழுது பறவையைத் தூக்க என் கைகளுக்கு வலுவில்லை. நான் வந்து அருகில் இருக்கிறேன். கைகள் உன்னுடையவை ஆகட்டும்."

உறைந்திருந்த 14 இறாத்தல் பறவையை அவர் சொற்படி வெள்ளிக்கிழமையே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தாயிற்று. நான்கைந்து இறாத்தலுக்கு ஒரு நாள் என்பது கணக்கு. சமையலறை மேசையில் வைத்து உருகவிட்டால், உள்ளே பனிக்கட்டியாய் இருக்கும்போதே வெளிப்புறம் கெடத் தொடங்கிவிடும்.

திங்கட்கிழமை மாலை பறவை இளகியிருந்தது. நம் வழக்கப்படி கழுவுவதற்காக நான் அதைக் குழாயடிக்குத் தூக்கினேன். மூதாட்டியார் கைகாட்டித் தடுத்தார். நீர் தெறிக்கும் இடமெல்லாம் நோய்க்கிருமி பரவும். கிருமியைக் கொல்வது நீரன்று, நெருப்பே என்றார். ஈரத்தைத் தாளால் ஒற்றி எடுத்தோம். ஐந்து இறாத்தலுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் பருமனான உப்பை உள்ளும் புறமும், நெஞ்சுத் தோலைக் கிழியாமல் கிளப்பி அதன் கீழும் தடவினோம். தூளுப்பாயின் பாதியளவே போதும். முதலில் உப்பு இறைச்சியின் நீரை வெளியே இழுக்கும். பின்னர் அந்த நீரிலேயே கரைந்து உள்ளே செல்லும். சென்று தசைநார்களை இளக்கி, சூட்டிலும் சாற்றை விடாமல் பிடித்துவைக்கும். இதற்கு நாள் வேண்டும். "சமைக்கும் அன்று போடும் உப்பு தோலுக்கு; மூன்று நாள் முன்பு போடும் உப்பு இறைச்சிக்கு" என்றார் அவர். கடைசி இரவு மூடாமல் குளிர்ப்பெட்டியில் விட்டோம். தோல் உலர்ந்தால்தான் மொறுமொறுப்பாகும்.

வியாழன் காலை, தட்டத்தில் வெங்காயமும் கரட்டும் செலரித் தண்டும் பரப்பி, சிறிது நீர் ஊற்றி, அதன்மேல் கம்பித்தட்டை வைத்துப் பறவையை இருத்தினோம். தோலின் கீழே பட்டர் பூசினோம். வான்கோழியில் உள்ள சங்கடம் யாதெனில், நெஞ்சிறைச்சி விரைவில் வெந்து உலரும். தொடையோ தாமதித்தே வேகும். ஆதலால் சூடு மிகுந்த உட்புறத்தை நோக்கிக் கால்கள் இருக்குமாறு, 325 பாகை பரன்ஹீற் சூட்டில் போறணைக்குள் வைத்தோம். நெஞ்சு பொன்னிறமானதும் அந்த இடத்தை மட்டும் அலுமினியத் தாளால் மூடவேண்டும்.

பெறாமகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போறணைக் கதவில் கைவைத்தாள். "திறக்காமல் இருப்பதே இப்போதைய வேலை" என்றார் மூதாட்டியார். பின்பு என்னை நோக்கி, "நீங்கள் குன்றுக்குப் போய்வாருங்கள். இந்த ஊருக்கு வந்தவர்கள் அதையும் பார்க்கவேண்டும்" என்றார்.

துறைமுகத்தை நோக்கி நடந்தேன். 1620 என்று பொறித்த பிளிமத் பாறை, கருங்கல் மண்டபத்தின் கீழே கிடக்கிறது. அதற்கு எதிரே உயர்வது கோல்ஸ் குன்று. அங்கே மசசோயிற்றின் சிலையருகில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. அது விழாக்கூட்டமன்று, துக்கக்கூட்டம். 1970 ஆம் ஆண்டில், குடியேற்றத்தின் 350 ஆம் ஆண்டு விழாவில் பேச அழைக்கப்பட்ட வம்சுட்டா பிராங்க் ஜேம்ஸ் என்னும் வம்பனோக் பெரியார், தம் உரையை மாற்றுமாறு கேட்கப்பட்டபோது மறுத்து, இக்குன்றில் வந்து பேசினார். அன்றுதொட்டு ஒவ்வோராண்டும் இதே நாளின் நண்பகலில் முதற்குடி மக்கள் இங்கே துக்கம் அனுட்டிக்கின்றனர்.

பிளிமத் எழுந்த இடத்தில் முன்பு பட்டுக்செற் என்னும் வம்பனோக் ஊர் இருந்தது. 1616 முதல் 1619 வரை, ஐரோப்பியர் வழியே வந்த கொள்ளைநோய் அவ்வூரை வெறுமையாக்கிற்று. ஆங்கிலக் கப்பற்றலைவன் ஒருவனால் 1614 ஆம் ஆண்டில் கடத்தப்பட்ட ரிஸ்குவாண்டம் என்பவர் திரும்பி வந்தபோது, தம் ஊரில் எவரும் உயிரோடில்லை. அவரே பின்னர் குடியேறிகளுக்குச் சோளம் நடக் கற்பித்தார். ஆளற்றுப்போன ஊருக்குத் திரும்பி வருதல் எத்தகையது என்பதை நம் நாட்டவருக்கு அயல்நாட்டு நூல் வந்து சொல்லவேண்டியதில்லை. குளிர்காற்றில் நெடுநேரம் நின்று கேட்டேன்.

வீடு திரும்பியபோது வாசலிலேயே மணம் எதிர்கொண்டது. குன்றில் கேட்டதை மேசையில் சொல்லலாமா என்று தயங்கினேன். "சொல்லுங்கள். அதை மறைத்துவிட்டுச் சொல்லும் நன்றியில் உப்பில்லை" என்றார் மூதாட்டியார்.

மூன்று மணி நேரம் கடந்து வெப்பமானியை இட்டுப் பார்த்தோம். நெஞ்சின் தடித்த பகுதியில் 165 பாகை, தொடையில் 175. பறவையை வெளியே எடுத்ததும் பெறாமகள் கத்தியைக் கையிலெடுத்தாள். மூதாட்டியார் அதை மெல்ல வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். "அரை மணி நேரம். இப்போது வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். ஆறினால் சாறு தடித்து இறைச்சியிலேயே தங்கும்." அந்த அரை மணியில் தட்டத்துச் சாற்றில் கிரேவி காய்ச்சினோம். கிரான்பெரிப் பழச் சட்னியும், உருளைக்கிழங்கு மசியலும், பாண்துண்டுப் பிரட்டலும் மேசைக்கு வந்தன.

எல்லோரும் அமர்ந்தோம். மசசோயிற்றின் மக்களையும் நினைந்து சிறிது நேரம் மௌனமாயிருந்தோம். நெஞ்சிறைச்சியை அரிந்தபோது கத்தியின் பின்னே சாறு பளபளத்தது. கிரேவிக் கிண்ணம் மூதாட்டியாரிடம் வந்தது. அவர் அதைத் தொடாமல் அடுத்தவரிடம் நகர்த்திவிட்டு, ஒரு துண்டை வெறுமனே வாயிலிட்டு மெதுவாகச் சுவைத்தார். பிறகு தட்டை நீட்டி, "இன்னும் ஒரு துண்டு" என்றார்.

பெறாமகளின் கண்கள் நிறைந்தன. ஓராண்டாகத் தைத்திருந்த முள் அக்கணத்தில் விலகிற்று.

விடைபெறும்போது அவர் வாசலில் நின்று, "எலும்புகளை எறிந்துவிடாதே, நாளைக்குச் சூப்பு வைக்கவேண்டும். காலையில் வருகிறேன்" என்றார். மீதி இறைச்சியை யாழ்ப்பாணத்துத் தூளிட்டுக் கறியாக்க அக்கா முன்னமே எடுத்து ஒளித்துவைத்திருந்ததை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.