முள் ஏறவே இல்லைண்ணே

பழைய காரின் இன்ஜின் கெட்டபோது, அதையே சரிசெய்வதா, வேறு இன்ஜின் வைப்பதா என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அலுவலகத்தில் கேட்டேன், பக்கத்து வீட்டில் கேட்டேன், ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு போன் போட்டும் கேட்டேன். எல்லோரும் அக்கறையாகக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்தக் கணக்குக்கு அடிப்படையான ஒரு விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியே ஆக வேண்டிய ஒருவரிடம் பொய் சொன்னேன்.

வண்டி 2002 மாடல் மாருதி ஜென். 993 சிசி, நாலு சிலிண்டர். ஹெட் மட்டுமல்ல, பிளாக்கும் அலுமினியம். உள்ளே இரும்பு லைனர். அதனால் இன்ஜின் எடை குறைவு, ஓட்டுவதற்கு அத்தனை சுகம். ஆனால் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் சீக்கிரம் கோணிக்கொள்ளும். இதையெல்லாம் நான் கார் பத்திரிகைகளில் படித்து மனப்பாடமாக வைத்திருந்தேன். அப்படி இருந்தும் ரேடியேட்டரில் வருடக்கணக்காக ஊற்றியது வீட்டு போர் தண்ணீரைத்தான். கூலன்ட்டுக்குச் சில நூறு ரூபாய் செலவழிக்க மனம் வரவில்லை. எங்கள் போர் தண்ணீரில் டீ போட்டாலே பாத்திரத்தில் உப்புப் படியும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

2018-இல், பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. (அப்போது அதற்கான கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதையே 5,000 ஆக்கிவிட்டார்கள்.) திருச்சியிலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தோம். பக்கத்து இருக்கையில் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. புதுக்கார் வாங்கியிருந்த ஜோரில் இருந்தார். துவரங்குறிச்சியிலிருந்தே, "இன்னும் எத்தனை நாளைக்கு மாமா இதைக் கட்டி அழப்போறீங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் ஜென்னின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தேன். கொட்டாம்பட்டி தாண்டியதும் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்திருக்க வேண்டும். அணைத்தால் பானெட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் ஆவி கிளம்பும். மச்சான் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். ஏ.சி.யை மட்டும் நிறுத்தினேன். "காத்து நல்லா வருது, ஜன்னலைத் திறந்துக்கலாமே" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவர், "ஏதோ வாடை அடிக்குதே மாமா" என்றார். "வெளியே குப்பையைக் கொளுத்துறாங்க" என்றேன். சாலையின் இரண்டு பக்கமும் வெறும் பொட்டல்.

பிறகு ஒரு அதிசயம் நடந்தது. முள் தானாகவே இறங்கியது. அழகர்தான் காப்பாற்றினார் என்று நினைத்தேன். உண்மையில் நடந்தது வேறு. சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வற்றி அது வெறும் ஆவியில் நிற்கும்போது முள் இறங்கிவிடலாம். இன்ஜின் அதிகபட்சமாக வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் மீட்டர் சமாதானம் சொல்லும். இதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் மேலூர் வரை நிறுத்தவில்லை. அங்கே வண்டி தானாகவே நின்றது.

டோ செய்து எங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒர்க் ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்க், கம்ப்ரெஷன் ரேஷியோ என்று நான் பாடம் நடத்தாத சனிக்கிழமை கிடையாது. அவரும் பொறுமையாகக் கேட்பார். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார். முள் மேல ஏறுச்சா? ஏறின பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீங்க?"

"முள் ஏறவே இல்லைண்ணே. புகை வந்ததும் உடனே நிறுத்திட்டேன்."

அவ்வளவு பாடம் நடத்தியவன், சிவப்பு முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன் என்று எப்படிச் சொல்வது? வேறு காரணம் எதுவும் இல்லை. வெறும் வெட்கம்.

அவர் கேட்டது சம்பிரதாயத்துக்கு அல்ல. மூன்று வழிகள் இருந்தன. உடனே நிறுத்திய வண்டி என்றால் சேதம் ஹெட்டோடு முடிந்திருக்கும். ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேஸ் அடித்து, புது கேஸ்கெட் போட்டால் பத்தாயிரத்துக்குள் வேலை முடிந்துவிடும். சூட்டோடு ஓடிய வண்டி என்றால் கீழேயும் பார்க்க வேண்டும்: பிஸ்டன், ரிங், லைனர். அது முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டும். மூன்றாவது வழி, சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் ஒன்று வாங்கி மாட்டுவது. மூன்றில் எது என்பதை என் பதில்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கேஸ்கெட் எரிந்து கிடக்கும்போது கம்ப்ரெஷன் பார்த்தாலும் அழுத்தம் எந்த வழியாக ஓடுகிறது என்று பிரித்துச் சொல்வது சிரமம். அதனால் அவர் என் வார்த்தையைத்தான் நம்பினார். ஹெட்டின் மேல் நேர்கட்டை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுக் கோணலை அளந்தார். 0.05 மி.மீ.க்கு மேல் போனால் ஃபேஸ் அடித்தே ஆக வேண்டும்; இது அதையெல்லாம் தாண்டியிருந்தது. "உடனே நிறுத்தின வண்டிக்கு இவ்வளவு கோணலா?" என்று ஒருமுறை முனகினார். நான் டீ சொல்லப் போய்விட்டேன்.

இதற்கிடையில்தான் ஊரெல்லாம் கேட்ட அந்தக் கணக்கு. வண்டியின் விலையில் பாதிக்கு மேல் ரிப்பேர் செலவு வந்தால் தள்ளிவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே வாய்ப்பாட்டைச் சொன்னார்கள். என் ஜென் அன்றைக்கு ஐம்பதாயிரம் பெறும். எனக்கு அந்த வாய்ப்பாட்டில் அப்போதும் நம்பிக்கையில்லை, இப்போதும் இல்லை. இதைத் தள்ளிவிட்டு அதே பணத்துக்கு இன்னொரு பழைய கார் வாங்கினால், அதை விற்கிறவர் எந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று யார் சொல்வார்கள்? அவரும் என்னைப் போன்றவர்தானே.

ஹெட் வேலை மட்டும் முடிந்து வந்த வண்டி சில வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஆயில் குடிக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. மறுபடி அவரிடம்தான். இந்த முறை கம்ப்ரெஷன் பார்த்தார். இரண்டு சிலிண்டரில் அழுத்தம் படுத்திருந்தது. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்ததும் ஏறியது. ரிங்தான் என்று உறுதியாகிவிட்டது. பிரித்தால் ரிங்குகள் முறுக்கம் செத்து, காடியிலேயே ஒட்டிக் கிடந்தன. பிஸ்டன் ஓரங்களில் உரசிய கோடு. லைனரிலும் கோடு.

கையைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "ஹெட் மாட்டின அன்னிக்கு ஏர் லாக்கைச் சரியா எடுக்காம விட்டுட்டேன் போல சார். உள்ள காத்து நின்னு ஹீட் ஆயிருக்கு. என் தப்புதான்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் சொன்னது: "அப்படியும் இருக்கலாம்ணே. விடுங்க."

மன்னிக்கும் தோரணையில் சொன்னேன். சிவப்பு முள்ளைப் பற்றிச் சொன்ன பொய்யையாவது வெட்கத்தின் கணக்கில் எழுதலாம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வேறு இன்ஜின் வைப்பது என்று முடிவானது. அவரே ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், புதுப்பேட்டையில் கடைகடையாக ஏறி, கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்து, ஆயில் மூடியை மோந்து பார்த்து, ஒரு இன்ஜினைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். இன்ஜின் விலை மட்டும் வாங்கிக்கொண்டார். கூலி வாங்கவில்லை, பஸ் காசு வாங்கவில்லை, முதல் தடவை வாங்கிய கூலியையும் திருப்பித் தர வந்தார். அதை மட்டும் மறுத்துவிட்டேன். அன்று என் பெருந்தன்மையை வீட்டில் மெச்சிக்கொண்டார்கள்.

இன்ஜின் மாறினால் நம்பரும் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் திருத்த வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. அவரும், "எதுக்கு சார் அலைச்சல்?" என்றார். "இல்லைண்ணே, எதையும் மறைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பில்லை எடுத்துக்கொண்டு அலைந்து திருத்தி வாங்கினேன். இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கே காது கூசுகிறது.

வண்டி அதற்குப் பிறகு நன்றாக ஓடியது, பின்னாளில் விற்றும்விட்டேன். இப்போது வேறு கார், கூலன்ட்தான் ஊற்றுகிறேன், அதே ஒர்க் ஷாப். போன மாதம் போயிருந்தபோது சூடாகி நின்ற வண்டியோடு ஒரு இளைஞர் வந்திருந்தார். கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கையில் காசில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. வண்டியை உடனே நிறுத்திவிட்டதாகவும் சொன்னார், உண்மையாகவே நிறுத்தியிருக்கலாம். அண்ணன் கேட்கவில்லை. ஹீட் ஆன வண்டி எதுவானாலும் பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்க்காமல் மூடுவதில்லை என்று வைத்திருக்கிறார். "ஒரு ஜென்ல அவசரப்பட்டு மூடி, பெரிய தப்புப் பண்ணிட்டேன் தம்பி. வேணும்னா சாரையே கேளுங்க" என்று என்னைக் காட்டினார்.

"ஆமாம்" என்றேன்.