லாரி ஊர் சொல்லும் ஆயில் பாடம்

சேலத்திலிருந்து தெற்கே போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் நாமக்கல்லை நெருங்கும்போது, மலைக்கோட்டை கண்ணில் படும் முன்பே ஊரின் தொழில் தெரிந்துவிடும். சாலையோரம் வரிசையாகப் பட்டறைகள். வெல்டிங் பொறி ஒரு பக்கம், பெயின்ட் வாசனை மறுபக்கம். வெறும் சேஸிஸாக வந்து சேரும் லாரி, இங்கே பாடி கட்டி, வண்ணம் பூசி, பெயர் எழுதி வெளியே போகிறது.

1997 ஜனவரி 1-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லுக்கு வெளியூர்க்காரர்கள் சொல்லும் அடையாளங்கள் மூன்று: கூரையில்லாத சன்னதியில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர், முட்டை, லாரி. தென்னிந்தியாவுக்குச் சமையல் எரிவாயு சுமக்கும் டேங்கர் லாரிகளின் உரிமையாளர் சங்கமும் இந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்டதுதான். மேற்கே போனால் போர்வெல் ரிக் வண்டிகளின் ஊரான திருச்செங்கோடு. அதற்கும் வடக்கே, சேலம் - கொச்சி சாலையில், இன்னொரு லாரி ஊரான சங்ககிரி.

வண்டியை நம்பி வாழும் இந்த வட்டாரத்தில் என்ஜின் ஆயில் என்பது பராமரிப்புச் செலவு மட்டுமல்ல. குடும்பத்தின் வருமானத்துக்கான காப்பு. கடன் வாங்கி லாரி எடுத்தவருக்கு, என்ஜினைப் பிரித்துப் போட்டு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் இரட்டை நஷ்டம். வேலைக்கும் பணம் போகிறது, வாடகையும் வருவதில்லை. மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

கிலோமீட்டர் அல்ல, மணிக்கணக்கு

திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போடும்போது வண்டி ஓர் அடிகூட நகராது. ஆனால் கம்ப்ரஸரை இயக்கும் என்ஜின் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடுகிறது. சுற்றிலும் பாறைப் புழுதி வேறு. இந்த என்ஜினுக்குக் கிலோமீட்டர் கணக்கு எதற்கும் உதவாது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று மீட்டரைப் பார்த்துத்தான் ஆயில் மாற்றுவார்கள்.

வீட்டு கார் வைத்திருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது பாதிக் கதைதான். எப்படி ஓடியது என்பதில்தான் ஆயிலின் ஆயுள் இருக்கிறது.

கசடு எங்கிருந்து வருகிறது?

ஆயிலுக்கு வேலை உராய்வைக் குறைப்பது மட்டுமல்ல. சூட்டைக் கடத்தும், கரியையும் துகள்களையும் சுமந்துகொண்டு போய் ஃபில்டரில் சேர்க்கும். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நாட்களிலேயே கறுத்துப்போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கரியைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

பிடித்து வைக்கும் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசியும் புகை, எரியாத எரிபொருள், நீராவி, புழுதி எல்லாம் ஆயிலில் சேர்கின்றன. சூட்டில் காற்றுடன் சேர்ந்து ஆயில் தடித்துப்போகிறது. சேர்மானப் பொருள்களின் சக்தி தீர்ந்ததும், அதுவரை மிதந்துகொண்டிருந்த அழுக்கு ஒன்றோடொன்று ஒட்டி, தார் போலப் படிய ஆரம்பிக்கிறது. பட்டறைகளில் இதைத்தான் ஸ்லட்ஜ் என்கிறார்கள்.

இந்தக் கசடு ஆயில் பம்ப்பின் வாயில் இருக்கும் சல்லடையை அடைத்தால், சம்ப்பில் ஆயில் நிறைய இருந்தும் மேலே ஏறாது. ஆயில் கிடைக்காத பேரிங்கும் டர்போவும் தேய்ந்துபோகும். மாரடைப்புபோலத்தான், உடம்பில் ரத்தம் இருக்கிறது, போகும் வழிதான் இல்லை.

நெடுஞ்சாலை லாரியும் ஞாயிற்றுக்கிழமை காரும்

இரவெல்லாம் ஓடும் லாரியைவிட, போர்டிகோவில் துணி போர்த்தி நிற்கும் கார் பத்திரமானது என்று தோன்றும். ஆயிலைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது.

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால், ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியே வெளியேறிவிடும். என்ஜினுக்குள் கசியும் சிறு பங்கு, குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகி ஆயிலில் கலக்கிறது. தொடர்ந்து ஓடும் லாரியில் ஆயில் நன்றாகச் சூடேறி, அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய்வரும் காரில் அந்தச் சூடு வருவதே இல்லை. ஈரம் உள்ளேயே தங்குகிறது. வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடியது, ஆயில் எதற்கு மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போடும்போது கசடுக்கு வழி திறக்கிறது.

2020 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த பி.எஸ்.-6 டீசல் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரைச் சுத்தம் செய்ய, பல கார்களில் என்ஜின் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். குட்டிப் பயணத்தில் அந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்று நின்று நடந்தால், எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு குறையாமல், ஏறிக்கொண்டே போகும்.

ஐந்து நிமிடச் சோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள்.

* அளவு குறைந்திருந்தால்: எங்கோ ஒழுகுகிறது, அல்லது எரிகிறது.
* அளவு கூடியிருந்தால்: எரிபொருளோ கூலன்ட்டோ கலக்கிறது.
* மூடியின் அடியில் மட்டும் பால்கோவா நிறம்: பெரும்பாலும் குட்டிப் பயணத்தால் தங்கிய ஈரம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் குறையும்.
* கம்பியிலும் பால் கலந்த நிறம், கூலன்ட்டும் குறைகிறது: ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ போயிருக்கலாம். வண்டியை எடுக்காதீர்கள்.
* ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு: ஓரமாக நிறுத்தி, உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள். அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்ற நினைப்பில்தான் பல என்ஜின்கள் போகின்றன.

ஆயில் மாற்ற கையேடு கிலோமீட்டர், மாதம் என்று இரண்டு கணக்கு சொல்லும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. புழுதிச் சாலை, டவுன் நெரிசல், குட்டிப் பயணம் என்றால் இன்னும் முன்னதாகவே மாற்றச் சொல்லும் கையேடுகள் பல. ஆயிலோடு ஃபில்டரையும் மாற்ற வேண்டும். கசடு கனமாகப் படிந்த என்ஜினில் ஃப்ளஷ் திரவம் ஊற்றுவது ஆபத்து; பெயர்ந்து விழும் கட்டி சல்லடையை அடைத்துவிடும். சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்வதே நல்லது.

வடித்த ஆயில் எங்கே போகிறது?

சேர்வராயன் மலைப்பக்கம் பிறந்து, சேலம் நகருக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது திருமணிமுத்தாறு. வழியில் சாக்கடையில் கொட்டும் கறுப்பு ஆயிலும் மழை வந்தால் இப்படித்தான் பயணப்படும். 2016-ம் ஆண்டு விதிகளின்படி கழிவு ஆயில் அபாயகரமான கழிவு; அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் போக வேண்டும்.

சென்டரிங் பலகைக்கும், கரையானுக்கும் என்று கேனில் வாங்கிப்போகும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தேய்ந்த உலோகத் துகளும் கரியும் கலந்த அந்த ஆயில் மண்ணுக்கும் கிணற்றுக்கும் நல்லதல்ல. முறையாகச் சேகரித்து அனுப்பினால் அதைச் சுத்திகரித்து மீண்டும் ஆயிலாக்க முடியும். ஆயில் சர்வீஸுக்குப் போகும்போது, பில்லைச் சரிபார்ப்பதோடு பழைய ஆயில் எங்கே போகிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.