பழவேற்காட்டில் ஒரு 'செட்டு'

பொன்னேரியில் பஸ் மாறி பழவேற்காட்டில் இறங்கியபோது என் இடுப்பு எனக்குச் சொந்தமாக இல்லை. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். கப்பலில் வந்தவர்கள். புத்திசாலிகள்!

ஏரிக்கு வந்த மற்றவர்கள் பைனாகுலரில் பூநாரை தேடிக்கொண்டிருந்தார்கள். என் கண்ணில் பட்டது தண்ணீருக்கு மேலே நாலைந்து தலைகள். ஆழமில்லாத இடத்தில் மண்டியிட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள். கை இரண்டும் வேலையாக இருப்பதால் ஓலைப்பறி பல்லில்! சில்காவுக்கு அடுத்த பெரிய உப்பு ஏரி இது. ஆனால் ஆழம் குறைவு. படகும் வலையும் இல்லாதவர்களுக்கும் சோறு போடுவது அதனால்தான்.

கரையேறிய ஓர் அக்கா, நான் இடுப்பைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். "மெடிக்கல்ல செட்டு வாங்கிப் போட்டுக்க தம்பி. அரை மணியில பறந்துடும்."

கடையில் 'இடுப்பு வலி' என்று நான் முடிப்பதற்குள் கத்தரிக்கோல் ஓடியது. ஒரு செட்டுக்கு மூன்று மாத்திரை. பெயர் அச்சடித்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. டாக்டர் சீட்டு கேட்கவில்லை. "சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார், அம்மா மாதிரி. இரண்டு செட்டு வாங்கினேன்.

பொய் சொல்லக்கூடாது ஸார். அரை மணியில் நான் டான்ஸ் ஆடாத குறை!

நன்றி சொல்லக் கரைக்குத் திரும்பினேன். "நான் தெனம் ரெண்டு வேளை போடறேன், நாலு வருசமா. போடலைன்னா தண்ணியில குனிய முடியாது. ஒடம்பும் தேறியிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, பாரு" என்று முகத்தைக் காட்டினார். முகம் பௌர்ணமி. கையும் காலும் குச்சி.

நான் பி.காம். இருந்தும் சும்மா இருக்க முடியவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்று அறிமுகம் செய்துகொண்டு, வரவு இன்று, செலவு பின்னால் என்றெல்லாம் லெக்சர் அடித்தேன். "இன்னியோட தூக்கிப் போடுங்கக்கா!"

சென்னை வந்ததும் மீதி செட்டை டாக்டர் நண்பனிடம் நீட்டினேன். "பேர் இல்லாத மாத்திரைக்கு நான் என்னடா ஜாதகம் கணிக்கிறது?" என்றவன், அக்காவின் முகத்தைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டாக இருக்கலாமாம். விலை மலிவு, வலி சட்டென்று அடங்கும். பதிலுக்கு சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும், முகம் உருளும். கூடவே டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை இருந்தால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்கும் கெடுதல். அந்த டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டமாய் மாண்டதால்தான் 2006-ல் மாட்டு வைத்தியத்தில் அதற்குத் தடை வந்தது. கழுகு கொடுத்து வைத்தது!

இரண்டுமே சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத 'ஷெட்யூல் எச்' மருந்துகள். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். கோட்டையே கத்தரித்துவிட்டால்?

"சரி, நீ என்ன சொல்லிட்டு வந்தே?"

"உடனே நிறுத்தச் சொன்னேன்."

"மடையா! ஸ்டீராய்டு வெளியிலேர்ந்து வந்துக்கிட்டே இருந்தா, ஒடம்பு தானா சுரக்கறதை நிறுத்திடும். நாலு வருஷம் சாப்பிட்டவங்க திடீர்னு விட்டா பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

இரவெல்லாம் தூக்கமில்லை. அக்காவிடம் போனும் கிடையாது. விடிந்தும் விடியாததுமாகப் பஸ் ஏறினேன்.

அக்கா தண்ணீரில் இறங்கப் போய்க்கொண்டிருந்தார். "நீ சொன்னேன்னு நிறுத்திடுவேனா? அப்புறம் சோறு நீயா போடுவே?"

என் பேச்சை ஒருவர் கேட்காததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

விஷயத்தைச் சொல்லி, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூப்பிட்டேன். "காலையிலதான் அங்க சீட்டு. இறாலும் காலையிலதானே?" என்றார். கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன். மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, காலிப் பறியோடு வரிசையில் நின்றார். எங்களுக்கு முன்னால் பதினேழு பேர்.

"இன்னிக்கு இறாலு போச்சே, கணக்குப்பிள்ளை. இதை எதுல எழுதுவே?"

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.