இரவில் வாசித்த கை

ஞாயிறு திருப்பலி முடிந்து, மக்கள் கலைந்து, ஆலயக் கதவுகளைச் சாத்திவிட்டு அறைக்குத் திரும்பியதும் ஒரு பாடலைக் கேட்பது சில ஆண்டுகளாக என் வழக்கமாகிவிட்டது. மகேலியா ஜாக்சன் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி பாடிய பாடல் அது. 'டேக் மை ஹேண்ட், பிரஷஸ் லார்ட்' என்பது அதன் பெயர். 'அருமை ஆண்டவரே, என் கையைப் பிடித்தருளும்' என்று தமிழில் சொல்லலாம். அதைக் கேட்கும்போதெல்லாம் இருவர் என் நினைவுக்கு வருகின்றனர். ஒருவர் அப்பாடலை இயற்றிய தாமஸ் டார்சி. மற்றவர் நான் முன்பு பணியாற்றிய பங்கொன்றைச் சேர்ந்த ஓர் இளைஞர். டார்சியின் கதையைச் சொன்னால்தான் அந்த இளைஞருக்கு நான் இழைத்த பிழையின் அளவு எனக்கே விளங்குகிறது.

1993-ஆம் ஆண்டு நான் குருமடத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்தேன். திருச்சபை வரலாறு கற்பித்த முதிய தந்தை ஒருவர், தவக்காலத்தின் ஒரு மாலையில் எங்களைத் தம் அறைக்கு அழைத்து, தேய்ந்துபோன ஒலிநாடா ஒன்றைச் சுழலவிட்டார். அன்றுதான் அப்பாடலை முதன்முதலாகக் கேட்டேன். சொற்கள் பாதிதான் புரிந்தன. ஆயினும் தொண்டையில் ஏதோ அடைத்தது. பாடியவர் யார் என்று கேட்டோம். இயற்றியவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் அதே ஆண்டு சனவரித் திங்களில், தம் 93-ஆம் அகவையில், சிகாகோ நகரில் இறந்திருந்தார் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே படித்தறிந்தேன்.

டார்சி 1899-இல் ஜார்ஜியா மாநிலத்தின் வில்லா ரிக்கா என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தை ஊர் ஊராகச் சென்று போதித்த பாப்டிஸ்ட் சபைப் போதகர். தாய் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். குடும்பம் பிழைப்புத் தேடி அட்லாண்டா நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கறுப்பின மக்களுக்கான ஓர் அரங்கில் சிறுவன் டார்சி மென்பானம் விற்றான். விற்றுக்கொண்டே, மேடையில் பியானோ வாசித்தவர்களின் விரல்களைக் கண்கொட்டாமல் பார்த்தான். ஆலயத்தில் தாயிடமிருந்து ஒரு கல்வி, அரங்கின் இருட்டில் இன்னொரு கல்வி. இரண்டும் ஒரே கைகளுக்குள் சென்று சேர்ந்தன.

அவ்வரங்குகளில் ஒலித்த இசைக்குப் புளூஸ் என்று பெயர். அடிமைத்தளை சட்டப்படி அறுந்த பின்னும் வறுமையும் அவமதிப்பும் அறாத மக்களின் பாட்டு அது. அதன் வடிவம் எளியது. ஓர் அடியைப் பாடுவர்; அதையே மீண்டும் பாடுவர்; மூன்றாவது அடியில் அதற்கு விடை சொல்வர். ஏறுவரிசையில் மூன்றாம், ஏழாம் சுரங்களைச் சற்றே தாழ்த்தி வளைத்துப் பாடுவதால் குரலில் ஓர் ஏக்கம் படியும். பிரிவு, பசி, சிறை, துரோகம், காமம், மது என எதையும் அது மறைப்பதில்லை. 1920-இல் மேமி ஸ்மித் என்னும் பாடகியின் புளூஸ் இசைத்தட்டு எதிர்பாராத அளவில் விற்றபோதுதான், கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவர் என்று வணிகர்கள் கண்டுகொண்டனர். அத்தகைய தட்டுகளுக்கு 'இனத் தட்டுகள்' என்று பெயரிட்டுத் தனியே விற்றனர். 1949-இல்தான் 'பில்போர்ட்' என்னும் இசை வணிக இதழ் அப்பெயரைக் கைவிட்டு, 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று தன் பட்டியலில் குறித்தது. 1950-களின் நடுவில் ராக் அண்ட் ரோல் உலகை ஆட்கொள்வதற்கு முன்னிருந்த அமெரிக்க இசை, மக்களைப் போலவே வேலியிட்டுப் பிரிக்கப்பட்டிருந்தது.

தெற்கிலிருந்து வடக்கே இடம்பெயர்ந்த பல்லாயிரவரோடு டார்சியும் சிகாகோவை அடைந்தார். மாத வாடகை கட்ட இயலாத ஏழைகள், தங்கள் அறையிலேயே விருந்து வைத்து, வந்தவர்களிடம் சிறு கட்டணம் பெற்று வாடகையைச் சேர்ப்பது அந்நாள் வழக்கம். அவ்விருந்துகளில் டார்சி பியானோ வாசித்தார். அண்டை வீட்டார் முறையிடாதபடியும் காவலர் வராதபடியும் மிக மெதுவாக வாசித்ததால், 'கிசுகிசுக்கும் பியானோக்காரர்' என்ற பெயரும் பெற்றார். 1924-இல் 'புளூஸின் தாய்' என்று போற்றப்பட்ட மா ரெய்னியின் இசைக்குழுவை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. மேடையில் நிறுத்திய பெரிய இசைத்தட்டுப் பெட்டியின் கதவைத் திறந்துகொண்டு, பொற்காசு மாலை மின்ன, அந்த அம்மையார் பாடியவாறே வெளிவருவாராம்.

புகழோடு நோயும் வந்தது. 1926-இல் மனம் தளர்ந்து, ஏறத்தாழ ஈராண்டுகள் வேலை செய்ய இயலாது கிடந்தார். தேறியபோது இறைவனுக்கென்றே இசையமைப்பதாக உறுதி பூண்டார். ஆனால் அவர் எழுதிய பக்திப் பாடல்களை வாங்குவார் இல்லை. கடன் வாங்கி அச்சிட்டு, ஆலயங்களுக்கு அஞ்சலில் அனுப்பினார்; விடை வரவில்லை. வீட்டில் வறுமை. 1928-இல் டாம்பா ரெட் என்னும் கித்தார் கலைஞரோடு சேர்ந்து, இருபொருள்படும் கொச்சைப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார். அது பெருவாரியாக விற்றது. இவ்வாறு சில ஆண்டுகள் ஒரு காலை ஆலயத்திலும் மறு காலை மதுக்கூடத்திலும் வைத்தே அவர் வாழ்ந்தார்.

சிகாகோவின் பெரிய கறுப்பின ஆலயங்கள் அவரை ஏற்கவில்லை. அங்கே கற்றறிந்த பாடகர் குழுக்கள் ஐரோப்பிய மேதைகளின் படைப்புகளை ஒழுங்குடன் பாடின. கைதட்டுவதும் உடல் அசைத்துப் பாடுவதும் தாங்கள் விட்டு வந்த தெற்கின் அடையாளம், அடிமைக் காலத்தின் மிச்சம் என்று அம்மக்கள் கருதினர். அக்கருத்தை எளிதில் இகழ வேண்டாம். பல தலைமுறை இழிவைச் சுமந்தவர்கள், மதிப்பாக வாழ விரும்பியதில் பிழை என்ன? ஆயினும் அந்த மதிப்புக்கு விலையாக, தங்கள் தாய்மாரின் குரலையே அவர்கள் வாயிலுக்கு வெளியே நிறுத்த வேண்டியதாயிற்று. டார்சியின் பக்திப் பாடல்களில் சொற்கள் நற்செய்தியிலிருந்து வந்தவை. மெட்டின் வளைவும் தாளத்தின் துள்ளலும் புளூஸிலிருந்து வந்தவை. பல நல்ல ஆலயங்களிலிருந்து தாம் வெளியேற்றப்பட்டதாக அவரே முதுமையில் நினைவுகூர்ந்தார்.

இவ்விடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நான் பங்குத்தந்தையாக இருந்த ஊரில், ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். ஞாயிறு திருப்பலியில் கீபோர்டு வாசிக்க விரும்புவதாகச் சொன்னார். கைத்திறன் மிக்கவர். ஆனால் மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்து, திருமணங்களிலும் திருவிழாக்களிலும் விடிய விடியத் திரைப்பாடல்கள் வாசித்துப் பிழைத்துவந்தார். குடிப்பவர் என்ற பேச்சும் இருந்தது. பங்குப் பேரவையில் பெரியவர்கள் முகம் சுளித்தனர். நான் அவரை அழைத்து, கனிவாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, "தம்பி, இரவில் அந்தப் பாட்டுகளை வாசிக்கும் கை, காலையில் பீடத்தருகே வாசிப்பது பொருந்துமா? நீயே யோசித்துப் பார்" என்றேன். அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. "சரி சாமி" என்று சொல்லிச் சென்றார். ஒழுங்கைக் காத்த நிறைவோடு நான் அன்று உறங்கினேன்.

மீண்டும் சிகாகோ. 1931-இல் எபனேசர் பாப்டிஸ்ட் ஆலயம் டார்சிக்கும் அவர் நண்பர் தியோடர் ஃபிரைக்கும் இடம் கொடுத்தது. அங்கே அவர்கள் அமைத்த பாடகர் குழு மக்களை ஈர்க்க, மறு ஆண்டே பில்கிரிம் பாப்டிஸ்ட் ஆலயம் டார்சியை அழைத்துக்கொண்டது. கதவு திறந்துவிட்டது என்று அவர் எண்ணிய அந்த ஆண்டிலேதான் இடி விழுந்தது.

1932 ஆகஸ்டு. மனைவி நெட்டி நிறைசூலி. செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில் பாடுவதற்காக டார்சி சென்றிருந்தார். கூட்டத்தின் நடுவே தந்தி வந்தது. பிள்ளைப்பேற்றில் நெட்டி இறந்துவிட்டார். அவர் வீடு வந்து சேர்ந்தபின், பிறந்த ஆண் குழந்தையும் இறந்தது. தாயையும் சேயையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தனர்.

ஆண்டவர் தமக்கு அநீதி இழைத்துவிட்டதாகவே டார்சி உணர்ந்தார். இனிப் பக்திப் பாடல் வேண்டாம், பழைய ஜாஸ் உலகுக்கே திரும்பிவிடலாம் என்று எண்ணியதை அவர் ஒருபோதும் ஒளிக்கவில்லை. சில நாள் கழித்து, நண்பர் ஃபிரை அவரை ஓர் அழகுக்கலைக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஓர் அறையில் பியானோ இருந்தது. டார்சியின் விரல்கள் பழைய ஞானப்பாட்டு மெட்டொன்றைத் தடவத் தொடங்கின. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் ஒருவர் அமைத்த மெட்டு அது. புளூஸ் வாசித்துப் பழகிய கைகள் அதை வளைத்தன, இழுத்தன, நிறுத்தின. சொற்கள் தாமே வந்தன. முதலில் 'ஆசி பெற்ற ஆண்டவரே' என்ற பொருள்படவே பாடினாராம். 'அருமை ஆண்டவரே' என்று மாற்றச் சொன்னவர் ஃபிரை. முன்னது வழிபாட்டு நூலின் சொல். பின்னது வீட்டில் பிள்ளையை அழைக்கும் சொல். பிள்ளையை இழந்தவருக்கு நண்பர் எடுத்துக் கொடுத்த சொல் அது.

அப்பாடல் பின்னர் சென்ற தொலைவு பெரிது. டார்சியோடு பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பாடித் திரிந்த மகேலியா ஜாக்சன் அதைத் தம் உயிர்மூச்சாக்கினார். 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில், சுடப்படுவதற்குச் சற்று முன், மார்ட்டின் லூதர் கிங் தம் விடுதியின் மாடத்தில் நின்றபடி, இசைக்கலைஞர் பென் பிராஞ்சிடம் அன்றைய இரவுக் கூட்டத்தில் இப்பாடலையே வாசிக்குமாறு வேண்டினார். அவருடைய இறுதிச் சடங்கில் அதை மகேலியா பாடினார். மகேலியா 1972-இல் இறந்தபோது, அவரது இறுதிச் சடங்கில் அரேதா ஃபிராங்க்ளின் பாடினார். டார்சியின் இன்னொரு பாடலை வெள்ளையரான ரெட் ஃபோலி 1951-இல் நாட்டுப்புற இசையாகப் பாடிப் பரப்ப, 1957-இல் எல்விஸ் பிரெஸ்லியும் அதைத் தொலைக்காட்சியில் பாடினார். வேலிகள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. ஆலயத்துள் நுழைந்த புளூஸ், ஆலயத்திலிருந்து மீண்டும் தெருவுக்குச் சென்று, ராக் அண்ட் ரோலுக்குத் தன் தாளத்தையும் குரலெழுச்சியையும் அளித்தது.

குருமடத்தில் புலம்பல் திருப்பாடல்களைப் பற்றித் தேர்வுக்காகப் படித்தேன். 88-ஆம் திருப்பாடல் நம்பிக்கையின் ஒரு கீற்றுமின்றி இருளிலேயே முடிகிறது என்று விடைத்தாளில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அத்தகைய புலம்பலையும் திருச்சபை தன் செபநூலில் வைத்துக் காக்கிறது என்பதன் பொருளை அப்போது சிந்திக்கவில்லை. கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 1972-இல் வெளியிட்ட நூலில், புளூஸையும் ஆலயத்தின் ஆன்மிகப் பாடல்களையும் ஒரே மக்களின் ஒரே அனுபவத்திலிருந்து எழுந்தவையாகக் காட்டினார். அதையும் பிற்பாடே படித்தேன். கொச்சைப் பாட்டுகள் எல்லாம் தூயவை என்று நான் சொல்ல வரவில்லை. டார்சியே 1932-க்குப் பின் அவற்றுக்குத் திரும்பவில்லை. ஆனால் அங்கே கற்ற கைகளை அவர் வெட்டி எறியவுமில்லை. அக்கைகள் இல்லாமல் அப்பாடல் பிறந்திருக்காது.

அந்த இளைஞரின் தாய், நான் அப்பங்கில் இருந்தபோதே இறந்தார். அடக்கத் திருப்பலிக்கு முன், என் மனம் உறுத்த, அவரிடம் சென்று, "அம்மாவுக்காக நீயே வாசி, தம்பி" என்றேன். அவர் தம் இரு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அந்தக் கைதானே சாமி இது" என்றார். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. நான் கற்பித்ததை அவர் அப்படியே கற்றிருந்தார், அவ்வளவுதான். அன்று திருப்பலி இசையின்றி நடந்தது. எத்தனையோ அடக்கங்களை நிறைவேற்றியிருக்கிறேன். அன்றைய மௌனம் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது பணிபுரியும் பங்கில், பாடகர் குழுவில் சேர வருபவரிடம் நேற்றிரவு எங்கே வாசித்தாய் என்று நான் கேட்பதில்லை. பயிற்சிக்கு நேரத்துக்கு வர இயலுமா என்று மட்டும் கேட்கிறேன். சென்ற மாதம் அந்த இளைஞரின் முகவரியைத் தேடிப் பெற்று, மன்னிப்புக் கேட்டு ஒரு மடல் எழுதினேன். டார்சியின் கதையையும் சுருக்கமாக எழுதியிருந்தேன். பதில் இன்னும் வரவில்லை. எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை. ஆயினும் தபால்காரரின் மணியோசை கேட்கும்போது, என்னையறியாமல் எழுந்து வாசலுக்குப் போகிறேன்.