பனிக்காட்டுக்கு வரப்போகும் தம்பிக்கு

பியாவிஸ்தோக்,
போலந்து.

அன்புள்ள தம்பிக்கு,

  அம்மாவிடம் முட்டி வலியைப் பற்றிக் கேட்டால் "எல்லாம் சரியாயிருச்சு" என்று ஒரே பதில்தான் வருகிறது. நீயாவது உள்ளதை உள்ளபடி எழுது. ஜனவரிக் கடைசியில் லீவு கிடைத்து டிக்கெட்டும் போட்டுவிட்டாய் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. மாமா அதற்குள் உனக்கென்று மாடி அறையைச் சுத்தம் செய்து, ஹீட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டார்.

ஆனால் நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்ததும் கோபம் வந்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பைசன், மூஸ் மான், ஓநாய், லின்க்ஸ், நீர்நாய், பீவர் என்று கல்யாணத்துக்கு மளிகைச் சாமான் எழுதுவதுபோல எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதியும் போட்டிருக்கிறாய். "ஓநாயை மட்டும் எப்படியாச்சும் கிட்டத்துல எடுத்துடணும்க்கா" என்று குரல் செய்தி வேறு. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

இங்கே விலங்குகளுக்குக் குளிர்காலம்தான் பஞ்சகாலம். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் தின்று உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு வசந்தம் வரைக்கும் ஓட்டவேண்டும். சிவப்பு மான்கள் கடுங்குளிர் இரவுகளில் இதயத் துடிப்பைக் குறைத்துக்கொண்டு, கால்களின் சூட்டையும் இறங்கவிட்டு அசையாமல் கிடக்கும். மூஞ்சூறு செய்வதைக் கேட்டால் நீ நம்பமாட்டாய். தலையைத் தூக்கிச் சுமக்கிற செலவுகூடக் கட்டுப்படியாகாது என்று அதன் மண்டையோடும் மூளையும் குளிர்காலத்தில் சுருங்கிவிடுகின்றன, வசந்தத்தில் திரும்ப வளர்கின்றன. அகஸ்ட் டேனல் என்ற போலந்து விலங்கியலாளர் 1949-இல் இதைப் பற்றி எழுதினார். நீ வரப்போகும் பியாவொவியெஜா காட்டுப் பகுதியில் இயங்கும் பாலூட்டிகள் ஆய்வு நிலையமும் அவர் தொடங்கியதுதான். யெனோத் என்று இங்கே சொல்லும் ரக்கூன் நாய், நாய்க் குடும்பத்திலேயே குளிர்காலத் தூக்கம் போடுகிற ஒரே பிராணி. குளிர் கொஞ்சம் தணிந்து பனி இளகும் நாளில் மட்டும் வளையை விட்டு வந்து எட்டிப் பார்க்கும்.

இப்படி அணு அணுவாக மிச்சம் பிடித்து உயிர் வாழ்கிற ஒரு மானை, ஒரு போட்டோவுக்காக நீ ஆழமான பனியில் ஓடவிட்டால் என்ன ஆகும், யோசி. அன்றைக்கு அது இழந்த தெம்பைத் திரும்பப் பெற அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. நீ கேமராவோடு அறைக்குப் போய்ச் சூடாக சூப் குடிப்பாய். அது அந்த நஷ்டத்தைச் சுமந்துகொண்டு இன்னும் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கவேண்டும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் பியாவொவியெஜா காட்டுக்குத்தான் போகிறோம். போலந்திலும் பெலாரஸிலும் பரந்து கிடக்கும் பழங்காடு அது. 1979-இலேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அதன் நடுவில் கோடாரி படாத பகுதிக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் காலெடுத்து வைக்கமுடியாது, நல்லதுதான். பைசனைப் பார்க்க அவ்வளவு உள்ளே போகவும் தேவையில்லை. கோடையில் சின்னச் சின்னக் கூட்டமாகக் காட்டுக்குள் மறைந்து திரிகிறவை, பனி விழுந்ததும் பெரிய மந்தையாகச் சேர்ந்து, வைக்கோல் போடும் இடங்களுக்கும் ஊரோரத்துப் புல்வெளிகளுக்கும் வந்துவிடும். விடியும் நேரத்தில் மெதுவாகக் காரில் போனால் போதும். வெள்ளை வெளியில் கரிய பாறைகளாகத் தெரியும். ஒரு பெரிய ஆண் 800 கிலோவைத் தாண்டும். பைனாகுலரில் பார், முதுகில் விழுந்த பனி அப்படியே உருகாமல் கிடக்கும். உள்ளே இருக்கும் சூட்டை அந்த ரோமம் வெளியே விடுவதில்லை. வாயைச் சுற்றியுள்ள மயிரில் மட்டும் மூச்சின் ஈரம் உறைந்து வெள்ளை வெள்ளையாகத் தொங்கும். அவை மூக்கால் பனியை ஒதுக்கிக் காய்ந்த புல்லைத் தேடும்போது அந்த உறைபனி உதிரும்.

அந்த மந்தையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 1919-இல் இந்தக் காட்டின் கடைசிக் காட்டு பைசனைச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். 1927-இல் காக்கசஸ் மலையிலும் முடிந்துபோயிற்று. அப்புறம் உலகத்தில் மனிதர்களின் வளர்ப்பில் மட்டும்தான் இருந்தன. 1929-இல் அவற்றில் சிலவற்றை இங்கே கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கி, நடுவில் ஒரு மகாயுத்தத்தையும் கடந்து, 1952-இல் மறுபடியும் காட்டுக்குள் திறந்துவிட்டார்கள். இன்று இருக்கும் ஐரோப்பிய பைசன் அத்தனையும் 12 விலங்குகளின் வாரிசுகள். ஒரு தப்பை மனிதன் உட்கார்ந்து திருத்தினால் என்ன கிடைக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்தப் புல்வெளிக்கு வா. வால்பாறையில் தேயிலைக்குள் காட்டுமாடு வந்து நின்றால் அப்பா நம் தோளைப் பிடித்து நிறுத்தி, அது போகும்வரை மூச்சுவிடாமல் நிற்கச் சொல்வாரே, அந்தப் பழக்கம் இங்கேயும் அப்படியே செல்லும்.

ஓநாய் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு அது கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். போலந்து முழுக்க 1998-இலிருந்து ஓநாய்க்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, இந்தக் காட்டில் பல கூட்டங்கள் உண்டு. ஆனாலும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட எப்போதோதான் நேரில் பார்க்கிறார்கள். பனி அதற்குப் பதிலாக வேறொன்று தரும். காட்டுப் பாதையில் ஒரே ஒரு ஓநாய் நேர்கோடாக நடந்துபோனதுபோல ஒரு தடம் தெரியும். குனிந்து பார்த்துக்கொண்டே போ. ஒரு வளைவில், இல்லை விழுந்துகிடக்கும் மரத்தடியில், அந்த ஒரு தடம் சட்டென்று நான்காகவோ ஐந்தாகவோ பிரியும். பின்னால் வருவது முன்னால் போனதன் அடியிலேயே கால் வைத்து நடப்பதால்தான் அதுவரை ஒன்றாகத் தெரிந்தது. ஆழப் பனியில் தெம்பை மிச்சம் பிடிக்க அவற்றுக்கும் அதுதான் வழி. நகக்குறி இல்லாமல் வட்டமாக ஒரு தடம் இருந்தால் அது லின்க்ஸ். நீ வரும் நேரம் இரண்டுக்கும் இணைசேரும் காலம் நெருங்கியிருக்கும். இரவில் அமைதியாக நின்றால் ஊளைச் சத்தம் கேட்க வாய்ப்பு உண்டு. நீ பதில் ஊளையிடுகிறேன், போனில் ரெக்கார்டு போடுகிறேன் என்று கிளம்பினால் அடுத்த பஸ்ஸிலேயே உன்னை வார்சாவுக்கு ஏற்றிவிடுவேன், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அதற்கப்புறம் பியெப்ஜா. ஆறும் சதுப்புமாக 590 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த தேசியப் பூங்கா, போலந்திலேயே பெரியது. அங்கேதான் மூஸ் மான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் இந்த நாட்டில் அவை மிஞ்சிக் கிடந்தது சிவப்புச் சதுப்பு என்று பெயருள்ள ஒரு மூலையில்தான். பெருகியபின் மறுபடி வேட்டையாடிக் குறைத்தார்கள். 2001-இல் வேட்டையை நிறுத்திவைத்தபிறகுதான் நன்றாகத் தேறின. குளிர்காலத்தில் திறந்த சதுப்பை விட்டுப் பைன் மரங்களும் வில்லோப் புதர்களும் இருக்கும் ஓரங்களுக்கு வந்துவிடும். ஜார் காலத்தில் போட்ட பழைய சாலை ஒன்று சதுப்பின் ஓரமாகவே போகிறது. அதில் ஊர்ந்து ஊர்ந்து காரை ஓட்டினால் சாலைக்குப் பக்கத்திலேயே நிற்கும். கொம்பு இல்லையே என்று முகத்தைச் சுருக்காதே, பெரிய ஆண்கள் ஜனவரிக்குள் கொம்பை உதிர்த்துவிடும். காருக்குள் இருந்தபடியே பார். கார் நிற்பதை அவை பொருட்படுத்துவதில்லை, கதவு திறந்து ஆள் இறங்கினால்தான் மிரளும். அவை போனபிறகு இறங்கி மரப்பட்டையைத் தொட்டுப் பார். மேல்தாடையில் முன்பல் இல்லாததால் கீழிருந்து மேலாகச் சுரண்டியிருக்கும். காயத்தின் மேல்விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும்.

அதே ஆற்றோரத்தில் பீவர் கட்டிய குச்சி வீடுகள் பனி மூடிக் கிடக்கும். உள்ளே குடும்பமே இருக்கும். தின்பதற்கான கிளைகளை உறைபனிக்கு அடியில் தண்ணீருக்குள் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும். அந்த வீட்டின்மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்தது. நீர்நாய் கரையில் வயிற்றால் வழுக்கிக்கொண்டு போன நீளக் கோடுகளைப் பார்க்கலாம். உறையாத நீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதற்கு மீன். அதனால் அந்த இடத்துப் பக்கம் போய் நிற்காதே.

மனசில் இருப்பதையும் சொல்லவேண்டும். நீ வரும்போது பனி இருக்குமா என்றே ஒவ்வொரு வருஷமும் கவலையாக இருக்கிறது. வீசல் என்று ஒரு பிராணி, முக்கால் அடிகூட இருக்காது. பியாவொவியெஜாவில் இரண்டு வகை சேர்ந்தே வாழ்கின்றன. ஒன்று குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும், மற்றது பழுப்பாகவே இருக்கும். பனி கிடக்கும் நாட்கள் குறையக் குறைய வெள்ளை வகையின் பங்கும் குறைகிறது என்று ஆய்வாளர்கள் 2018-இல் எழுதினார்கள். பனியில்லாத பழுப்புத் தரையில் வெள்ளை உடம்போடு ஓடினால் பருந்துக்கும் ஆந்தைக்கும் தப்பமுடியுமா? இன்னொரு பக்கம், 2022-இல் பெலாரஸ் எல்லையில் 186 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐந்தரை மீட்டர் உயர வேலி போட்டுவிட்டார்கள். காட்டின் குறுக்கே அது போகிறது. பைசனுக்கும் லின்க்ஸுக்கும் எந்த நாடு என்று என்ன தெரியும்? அந்த எல்லையைக் கடக்க வந்த மனிதர்கள் பட்ட பாடும் பெரிது, அதைக் கடிதத்தில் எழுத எனக்குத் தெம்பில்லை, நேரில் பேசுவோம். ஒன்று மட்டும், எந்நேரமும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திரு. சோதனை இருக்கும், எல்லையை ஒட்டிய இடங்களில் அனுமதி இல்லாமலும் போகலாம்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் மதியம் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடுவதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன், உனக்குத் தெரியும். அப்பா போனபிறகு வந்த குளிர்காலத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. மாமா சனிக்கிழமைதோறும் என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே தடங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் தேறினேன். இவ்வளவு குளிரில், இவ்வளவு குறைவாகத் தின்று, இத்தனை உயிர்கள் சத்தம் போடாமல் நாளைக் கடத்துகின்றனவே என்று ஒரு தைரியம் வந்தது. உனக்கும் வேலை போய்த் திரும்பக் கிடைப்பதற்குள் பட்டது கொஞ்சமா? லீவு முழுக்க லென்ஸுக்குள் கண்ணை வைத்துக்கொண்டே இருந்துவிடாதே. கொஞ்ச நேரமாவது கையைக் கட்டிக்கொண்டு நில்.

உன் வீசிங்கை நினைத்தால்தான் எனக்குப் பயம். மைனஸ் 15-இல் வாயால் மூச்சு இழுத்தால் நெஞ்சைப் பிடித்துவிடும். மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடு. இன்ஹேலரை வெளிப் பையில் வைக்காதே, சட்டைக்கு உள்ளே உடம்போடு இருக்கட்டும். கேமரா பேட்டரிக்கும் அதேதான், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். ஷூ ஒரு சைஸ் பெரிதாக வாங்கு, இரண்டு சாக்ஸ் போடவேண்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். கம்பளி உள்ளாடை நான் இங்கே வாங்கி வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு மேல்தான் விடியும், அதற்கு முன்பே கிளம்பிவிடவேண்டும். "அஞ்சு நிமிஷம்க்கா" என்று போர்வைக்குள் சுருண்டால் நானும் மாமாவும் விட்டுவிட்டுப் போய்விடுவோம்.

அம்மா கையால் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுவா. அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு வா. நமக்குத் தெரிவது தெரியட்டும். நம்மால் ஒரு விலங்கும் ஓடவேண்டி வராமல் பார்த்துக்கொள்வோம். வார்சாவில் இறங்கும் நேரத்தை உடனே எழுது, மாமா கார் எடுத்துக்கொண்டு வருவார்.

அன்புடன்,
உன் அக்கா