உள்ளேயா, வெளியேயா?

பாடியில் எங்கள் வீடு 'ப' என்ற எழுத்தின் வடிவத்தில் இருந்தது. ஓர் எழுத்தையே தாத்தா வீடாகக் கட்டினார் என்று நாங்கள் பெருமையடித்துக் கொள்வதுண்டு. அடிக்கோடு, சாலையை ஒட்டிய திண்ணையும் கூடமும். ஒரு கையில் அண்ணன் குடித்தனம். மறு கையில் நான். நடுவே முற்றம்.

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கல் நட்டார்கள். கூடம் முழுவதும் போயிற்று. இரு கைகளிலும் இரண்டிரண்டு அடி போயிற்று. நஷ்ட ஈட்டைப் பங்கிடுவதில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சும் போயிற்று. கடைசியாகச் சொன்னது மட்டும் கல்லின் குற்றமல்ல.

போன வாரம் என் மருமான் வந்திருந்தான். கம்ப்யூட்டரில் படம் வரையும் வித்தை படிக்கிறவன். இடத்தை உட்பிரிவு செய்ய ஒரு படம் போட்டுத் தரச் சொன்னேன்.

"ரொம்ப சுலபம், மாமா" என்று ஆரம்பித்தான். ஓர் உருவம் திரையின் எல்லையைத் தாண்டினால், தாண்டிய பகுதியை நறுக்க வேண்டுமாம். அதற்கு 1974-ல் ஐவன் சதர்லண்ட், கேரி ஹாட்ஜ்மன் என்ற இருவர் ஒரு வழி வெளியிட்டார்கள். உருவத்தின் ஓரமாகவே மூலைக்கு மூலை நடக்க வேண்டும். ஒவ்வொரு மூலையையும் கேட்பது ஒரே கேள்விதான்: நீ உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் குறித்துக்கொள். வெளியே என்றால் விட்டுவிடு. எல்லையைக் கடக்கும்போதெல்லாம் கடந்த புள்ளியை எழுதிக்கொள். எழுதியவற்றை வரிசையாக இணைத்தால் மிச்சம் கிடைத்துவிடும். திரைக்கு நான்கு ஓரம். நான்கு தடவை இப்படி நடக்க வேண்டும். எங்களுக்குச் சாலை ஓரம் ஒன்றுதான்.

'ப'வுக்கு எட்டு மூலை. நான்கு சாலைக்குப் போயின. வெட்டிய இடத்தில் புதிதாக நான்கு முளைத்தன. படத்தில் இரண்டு கைகளும் தனித்தனியே நின்றன. ஆனால் எல்லையின்மேல் ஒரு மெல்லிய கோடு இரண்டையும் சேர்த்துக் கொண்டிருந்தது.

"இது என்னடா?"

"அதுதான் இந்த முறையின் தோஷம், மாமா. உள்ளே குழிந்த உருவம் இரண்டு துண்டானாலும், அதை ஒன்றென்றே நினைத்து, அகலமே இல்லாத கோட்டால் கட்டிவிடும். 1977-ல் வைலரும் ஆதர்டனும் துண்டுகளைச் சுத்தமாகப் பிரித்துத் தரும் முறையைச் சொன்னார்கள். அப்படிப் போடட்டுமா?"

ஜன்னல் வழியே பார்த்தேன். சாலையோரம் புது மதில். என் சுவரில் தொடங்கி அண்ணன் சுவரில் முடிகிறது. அண்ணி மூலம் பேசி, செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக் கட்டியது. அதன்மேல் அண்ணனுடைய வேஷ்டி உலர்ந்து கொண்டிருந்தது. ஒரு முனை என் பக்கத்தில்.

"வேண்டாமப்பா, இதையே இரண்டு பிரதி எடு" என்றேன். "பெரிய மாமாவிடம் ஒன்றை நானே கொடுத்துவிட்டு வருகிறேன்."