பக்கத்துச் சாளரத்தில் வராத சீனம்

லினக்ஸ் கணினியில் சீனம் எழுதுவோருக்குப் பழகிப்போன தொல்லை ஒன்று உண்டு. உலாவியில் சரளமாக எழுத வரும். பக்கத்துச் சாளரத்தில் திறந்திருக்கும் செயலியில் ஓர் எழுத்துகூட வராது, வெறும் ஆங்கில எழுத்துகளாகவே விழும். இதன் மூலத்தைத் தேடினால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது சீன எழுத்துகளின் எண்ணிக்கையைத்தான். 1980-இல் சீனாவில் வந்த ஜிபி 2312 எழுத்துக் குறியீட்டிலேயே 6,763 சீன எழுத்துகள் இருந்தன, அத்தனையையும் விசைப்பலகையில் எப்படி அடக்குவது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் காரணம் என்றால் இரண்டு சாளரங்களும் ஒன்றுபோலத் தவறியிருக்க வேண்டும். விசைப்பலகையும் எழுத்துருவும் உள்ளீட்டு மென்பொருளும் ஒன்றாக இருக்க, ஒன்றில் மட்டும் வராமல் போகிறதென்றால் கோளாறு எழுத்தில் இல்லை. அதை வாங்கிக்கொள்ள வேண்டிய செயலியில் இருக்கிறது.

சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளால் குறிக்கும் பின்யின் முறையில் எழுதுபவர் ஒலியைத்தான் தட்டுகிறார். 'ஷி' என்ற ஒரே ஒலிக்குப் பல டஜன் எழுத்துகள் இருப்பதால், தட்டியவை அடிக்கோட்டுடன் தற்காலிகமாகத் திரையில் நிற்கும்; கீழே எண்ணிட்ட பட்டியல் விரியும்; வேண்டியதைத் தேர்ந்த பிறகே எழுத்து உறுதியாகும். இதற்குச் செயலி மூன்று காரியங்கள் செய்தாக வேண்டும். விசைத்தட்டலைத் தான் எடுத்துக்கொள்வதற்கு முன் உள்ளீட்டு மென்பொருளிடம் கொடுக்க வேண்டும், உறுதியாகாத எழுத்துகளைக் காட்ட வேண்டும், கர்சர் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். முதலாவது தவறினால் சீனமே வராது. மூன்றாவது தவறினால் பட்டியல் திரையின் ஏதோ ஒரு மூலையில் போய் நிற்கும். எழுதுபவர் ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணை அங்கும் இங்கும் ஓட்ட வேண்டும்.

ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற எண்ணம் ஆங்கிலத் தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு வந்தது. அதைச் சீனம் கணினிக்கு முன்பே மீறியிருக்கிறது. எழுத்தாளர் லின் யுடாங் 1947-இல் நியூயார்க்கில் காட்டிய மிங்க்வாய் தட்டச்சுப் பொறியில் இருந்தவை 72 விசைகள். எழுத்தின் பகுதிகளைக் குறிக்கும் விசைகளை அழுத்தினால் எதுவும் அச்சாகாது; சிறு கண்ணாடிச் சாளரத்தில் அதிகபட்சம் எட்டு எழுத்துகள் தெரியும், எண் விசையால் ஒன்றைத் தேர்ந்தால்தான் தாளில் பதியும். இன்றைய பின்யின் பட்டியலின் வேலை முறை முழுவதும் அதில் இருக்கிறது. அப்படியிருந்தும், 1984-இல் எம்ஐடி-யில் பிறந்து பின்னர் லினக்ஸ் திரைக்கு அடித்தளமான எக்ஸ் சாளர அமைப்புக்கு உள்ளீட்டு முறைகளுக்கான ஏற்பாடு 1991-இல்தான் வந்தது. அதுவும் இரண்டு வேறுபட்ட மாதிரி வடிவங்களாக. 1994-இல்தான் அது ஒரே நெறிமுறையானது. செயலியின் சாளரங்களையும் பெட்டிகளையும் அமைக்க உதவும் ஜிடிகே, க்யூடி போன்ற கருவித்தொகுதிகள் பின்னர் தத்தமக்கெனத் தனி வழி வைத்துக்கொண்டன. எக்ஸுக்கு ஒன்று, ஜிடிகே-க்கு ஒன்று, க்யூடி-க்கு ஒன்று என மூன்று சூழல் மாறிகளைப் பயனர் கையால் எழுதிவைக்க நேர்ந்தது இந்த வரலாற்றினால்தான்.

நடைமுறையில் செய்யப்பட்ட பழுதுநீக்கங்களும் இதையே காட்டுகின்றன. சப்லைம் டெக்ஸ்ட் உரைத்திருத்தியில் சீனம் வராதபோது லினக்ஸ் பயனர்கள், உள்ளீட்டுக்கான சாளரத்தைக் குறிக்கும் ஜிடிகே செயல்கூறு ஒன்றை இடைமறிக்கும் சிறிய சி நிரலைத் தாங்களே தொகுத்து, உரைத்திருத்திக்கு முன்பாக ஏற்றி ஓட்டினார்கள். தமக்கென க்யூடி நூலகத்தோடு வரும் செயலிகளில், எஃப்சிஐடிஎக்ஸ் (fcitx) என்ற உள்ளீட்டு மென்பொருளின் செருகுநிரல் இருக்காது. அதைச் செயலியின் கோப்புறைக்குள் நகலெடுத்து வைப்பார்கள், க்யூடி பதிப்பு பொருந்தினால் வேலை செய்யும். சீன எழுத்தில் யாரும் எதையும் மாற்றவில்லை. அறுந்திருந்த வழியை ஒட்டினார்கள், எழுத வந்தது.

யூனிகோடு வந்ததும் இதெல்லாம் தீர்ந்துவிட்டதே என்று சிலர் கேட்கக்கூடும். யூனிகோடு எழுத்தைச் சேமிப்பதற்கான ஏற்பாடு. எழுத்து உருவாகும் வழியில் அது தலையிடுவதில்லை. சிறு நிரலாளர் எல்லா மொழிகளையும் சோதிக்க முடியுமா என்பது இதைவிட வலுவான கேள்வி. முடியாதுதான். ஆனால் கருவித்தொகுதி தரும் எழுத்துப் பெட்டியை அப்படியே பயன்படுத்துபவருக்கு இந்த வேலையில் பெரும்பகுதி தானாகவே நடந்துவிடுகிறது. அதை ஒதுக்கிவிட்டு எழுதும் பெட்டியைத் தாமே வரைபவர்களிடம்தான் கோளாறு குவிகிறது. அந்த முடிவை எடுத்தவர்தான் அதன் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அரட்டைச் செயலியில் பின்யின் பட்டியல் திறந்திருக்கும்போது என்டர் தட்டினால், தட்டிய ஆங்கில எழுத்துகள் அப்படியே உறுதியாக வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட பெட்டி என்டரைத் தனக்கானதாக எடுத்துக்கொள்ளும்போது பாதிச் செய்தி மறுமுனைக்குப் போய்விடுகிறது. விசை யாருக்கானது என்று ஒரு நிபந்தனை வைத்துப் பார்த்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

இது நம்மையும் தொடும் விஷயம். லினக்ஸில் எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டு நூலகத்தின் வழியாகத் தமிழ் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுவோரின் விசைத்தட்டலும் இதே பாதையில்தான் போகிறது. சீனம் நுழையாத பெட்டியில் அந்தத் தமிழும் நுழையாது. மேசைக்கணினிச் செயலி எழுதும் தமிழ் நிரலாளர்கள் வெளியிடுவதற்கு முன் ஒரு பின்யின் உள்ளீட்டை நிறுவி, எழுதும் பெட்டியில் பத்து எழுத்து தட்டிப் பாருங்கள். பட்டியல் கர்சருக்கு அருகில் திறக்கிறதா, என்டர் எங்கே போகிறது என்ற இரண்டையும் கட்டாயம் கவனியுங்கள்.